கண்ணாடி எடுக்கத் திரும்பினவன்

மடையர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினால் அதன் தலைவர் பதவிக்கு நான் போட்டியிடத் தேவையில்லை. ஏகமனதாகத் தெரிவாகிவிடுவேன். இதை அவையடக்கம் என்று தயவுசெய்து எடுக்க வேண்டாம். மேலதிக அரசாங்க அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன், தலை முழுக்க நரைத்தவன், செத்துப்போன சிநேகிதனின் முகத்தைப் பார்க்கப் போகிற வழியில், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சீனக்குடாவில் ஓட்டோவைத் திருப்பி வீட்டுக்கு வந்தான் என்றால், அவனை வேறு என்னவென்று சொல்வது?

முகத்தைப் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை. தூரத்தில் வருகிற கடன்காரனையும் அமைச்சரையும் எனக்கு இப்போதும் வெறுங்கண்ணில் தெரியும். கண்ணாடி, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த பேச்சை வாசிப்பதற்கு.

“சேர், இப்பவே நேரம் போயிட்டுது. திரும்பத்தான் வேணுமோ?” என்று ஓட்டோக்காரத் தம்பி கேட்டான்.

“பத்து நிமிச வேலை. திருப்பு தம்பி.”

பத்து நிமிசம். என் உத்தியோக வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன பொய் அதுதான்.

குச்சவெளியில் என் ஜீப் மணலில் புதைந்த கதையைச் சென்ற கிழமை வாசித்துச் சிரித்ததாகச் சிலர் தொலைபேசியில் சொன்னீர்கள். இந்தக் கிழமை அந்தளவுக்குச் சிரிக்க ஏலாமல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் முயன்றுதான் பார்க்கிறேன்.

ஒலிவாங்கியும் நானும்

மேலதிக அதிபராக முன்னர் பல வருடம் நான் பிரதேச செயலாளர். பிரதேச செயலாளர் என்பவர் அபிவிருத்தி செய்கிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் முக்கியமாகப் பேசுகிறவர். கிணறு திறந்தால் பேச வேண்டும். பாலர் பாடசாலையில் தவளைப் பாய்ச்சல் நடந்தால் பேச வேண்டும். மாலை விழுந்த கழுத்தில் இருந்து பேச்சு வராவிட்டால் சனம் கோபித்துக்கொள்ளும்.

செத்த வீடு இன்னும் விசேடம். எங்கள் பக்கத்து இந்து வீடுகளில், பிரேதம் எடுக்க முன்னர் முற்றத்துப் பந்தலில் ஒலிவாங்கி கட்டி அனுதாப உரைகள் நடக்கும். பாடசாலை அதிபர் பேசுவார், கோயில் தலைவர் பேசுவார், பிறகு நான். செத்தவரை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பந்தலுக்குள் நுழையும்போதே கிராம உத்தியோகத்தரின் காதைப் பிடிப்பேன்.

“ஆள் என்ன செய்தவர்?”

“தோட்டம், சேர்.”

“பிள்ளையள்?”

“நாலு. ஒண்டு கனடா.”

எனக்கு அது காணும். நாலு பிள்ளையையும் தோட்டத்தையும் வைத்து அரை மணித்தியாலம் கலங்கிக் காட்டுவேன்.

ஒருமுறை பாலையூற்றில், “அமரர் கோபம் என்ற சொல்லையே அறியாதவர்” என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். பெட்டியடியில் அழுதுகொண்டிருந்த அவருடைய மனைவி, அழுகையை நிறுத்தி நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். யாரைப் பற்றிக் கதைக்கிறான் இவன் என்கிற பார்வை. இப்போதும் சில வேளை கனவில் வரும்.

பின்வரிசையில் ஒரு கை

என்னுடைய பேச்சுகளை நிறுத்தக்கூடிய ஒரே மனிதன் திருகோணமலை மாவட்டத்தில் இருந்தான். ஜவ்பர். கிண்ணியாக்காரன். நிர்வாக சேவைப் பரீட்சையில் ஒன்றாகத் தேறி, ஒரே நாளில் மாவட்டச் செயலகமான கச்சேரியின் படியேறி, ஒரே மர வாங்கில் இருந்து எங்கே தூக்கிப் போடப் போகிறார்களோ என்று வியர்த்தவர்கள் நாங்கள். எனக்குக் குச்சவெளிப் பக்கம் கிடைத்தது. அவனுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், கிண்ணியா.

அவன் பேச மாட்டான். கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில், கதவோரக் கதிரையில் இருப்பான். என் பேச்சு அளவுக்கு மிஞ்சினால் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, மற்றக் கை விரலால் மணிக்கூட்டில் இரண்டு தட்டுத் தட்டுவான். அடுத்த வசனத்தில் நான் நன்றி சொல்லி இறங்கிவிடுவேன். அவன் ஏதோ கேள்வி கேட்கத்தான் கையைத் தூக்குகிறான் என்று நினைத்துப் புதிதாக வந்த ஓர் அரசாங்க அதிபர், “யெஸ், மிஸ்டர் ஜவ்பர்?” என்று கேட்டுவிட்டார்.

“ஒண்டும் இல்ல சேர். சாப்பாடு ஆறுது” என்றான் அவன்.

அவனுடைய நிர்வாகத் தத்துவம் மொத்தமும் அதற்குள் இருந்தது. முதலில் சோறு. கதை பிறகு.

அந்த நாட்களில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. பாதையில்தான் போக வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு இழுத்துப் போகிற மிதவையை. நான் இக்கரையில் யாராவது ஒருவருடன் கதைத்துக்கொண்டு நிற்பேன். பாதை போய்விடும். அடுத்தது வந்து, ஏறி, இறங்கி, அவனுடைய அலுவலகத்துக்குப் போய்ச் சேர, கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

நான் வாசலிலேயே காரணம் சொல்லத் தொடங்குவேன். அவன் கேட்க மாட்டான். மேசையில் ஒரு சோற்றுக் கோப்பை, மேலே இன்னொரு கோப்பை கவிழ்த்து மூடியிருக்கும். உள்ளே அவன் மனைவி ரமீசா சமைத்து அனுப்பிய சோறும் பாரைமீன் ஆணமும்.

“முதல்ல தின்னு மச்சான். பொய்யப் பிறகு சொல்லு.”

கடல் வந்த கிழமை

கடல் ஊருக்குள் வந்து திரும்பிய அந்தக் கிழமையை எங்கள் கரையோரத்தில் யாரும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. அதிலும் ஒரு கோமாளித்தனம் செய்து வைத்திருக்கிறேன் என்பதால் இன்னும் நன்றாக ஞாபகம்.

இறக்கக்கண்டியில் வீடு இழந்த சனம் மேட்டுநிலத்தில் மர நிழலில் இருந்தது. எனக்குக் கொடுக்க ஒன்றும் கையில் இல்லை. சாமான் லொறி வரவில்லை. வெறுங்கையோடு நிற்கிற அதிகாரி என்ன செய்வான்? பேசுவான். கவிழ்ந்து கிடந்த ஒரு வள்ளத்தின் முதுகில் ஏறி நின்று பேசத் தொடங்கினேன். “அரசாங்கம் உங்களைக் கைவிடாது” என்றேன். “இந்தத் துயரத்திலும் நாங்கள் தலை நிமிர்ந்து” என்றேன். சனம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீன் செத்த மணம் காற்றில் வந்து வந்து போனது.

சனத்துக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்தது. விரல் மணிக்கூட்டில் தட்டியது.

ஜவ்பர். அவனுக்குப் பின்னால் ஒரு லொறி. லொறிக்குள் கிடாரம் கிடாரமாய்ச் சோறு. தம்பலகாமத்துப் பக்கம் வயல்காரரிடம் அரிசி கேட்டு, அங்கேயே அவிப்பித்து, கிடைத்த தெருவால் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அது அவனுடைய பிரிவும் இல்லை. அவன் ஊரும்தான் அழிந்து கிடந்தது.

“இறங்கு மச்சான்!” என்று கத்தினான். “வள்ளம் பாவம்!”

ஒரு கிழவி சிரித்துவிட்டார். பிறகு இன்னும் இரண்டு பேர். அந்தக் கிழமையில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

நாங்கள் இருவரும் பின்னேரம் வரை சோறு போட்டோம். அவனுடைய முழங்கைக்கு மேலே சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. “குளிக்கேல்லையோடா?” என்று பகிடி பண்ணினேன். “நேரம் கிடைக்கல்ல” என்றான்.

கன மாதம் கழித்துத்தான் அவனுடைய தம்பி சொல்லி எனக்குத் தெரியும். அதற்கு முந்தின நாள்தான் அவன் தன்னுடைய உம்மாவைக் குழிக்குள் இறக்கியிருக்கிறான். முழங்கையில் ஒட்டியிருந்தது அந்த மண்ணாகத்தான் இருக்க வேண்டும். நான் பகிடி பண்ணினேன். அவன் கரண்டியால் சோறு அள்ளிக்கொண்டே இருந்தான்.

“ஏன்டா எனக்குச் சொல்லேல்ல?” என்று பிறகு சண்டை பிடித்தேன்.

“சொன்னா நீ வள்ளத்துல ஏறி அதையும் பேசியிருப்பாய்.”

யாருக்குக் கதிரை

மேலதிக அரசாங்க அதிபர் பதவிக்கு நேர்முகம் வந்தபோது நாங்கள் இருவரும் போனோம். உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு இப்போதும் சரியாகத் தெரியாது. நான் நன்றாகப் பேசினேன் என்று மட்டும் தெரியும். கதிரை எனக்குக் கிடைத்தது. அவன் பிரதேச செயலாளராகவே இருந்து ஓய்வுபெற்றான்.

முடிவு வந்த அன்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் நின்று சிரித்தான்.

“நல்லதுதான் மச்சான். மேல இருந்து கதைக்கிறதுக்கும் ஒரு ஆள் வேணும்தானே.”

அதில் குத்தல் இருந்ததா என்று வருடக்கணக்காகத் துருவிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அவனுடைய பிரியாவிடைக்கு நான்தான் பிரதம அதிதி. அவனைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், விழா நாயகன் மேடையில் இருந்தபடியே, மாலையும் கழுத்துமாய்க் கையைத் தூக்கி மணிக்கூட்டைத் தட்டினான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அவன் தன்னுடைய ஏற்புரையில், “எல்லாருக்கும் நன்றி. வாங்க, சாப்பிடுவம்” என்று முடித்தான். ஓய்வுபெறுகிறவரை அலுவலகத்தார் எல்லாரும் வாகனம் பிடித்து வீடுவரை கொண்டுபோய் விடுவது எங்கள் பக்க வழக்கம். அவனைக் கொண்டுபோன அன்று பாலத்தில் வாகனங்கள் கல்யாண ஊர்வலம் போலப் போயின. நான் ஓய்வுபெற்றுப் போனபோது வந்ததைவிடக் கூட. இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. என் மனுசி சொன்னா.

“எங்கட ஆக்களிட்ட மைக் இல்ல”

சிறுநீரகம் பழுதாகி அவன் படுத்தபோது நான் அடிக்கடி போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் பிந்தித்தான் போனேன். கடைசியாகப் போனபோது முகம் வற்றி, மூக்கு மட்டும் நீண்டு, கட்டிலில் சாய்ந்திருந்தான். கை மெலிந்து மணிக்கூடு முழங்கை வரை வழுக்கியது. அதைக் கழற்ற விடுகிறானில்லை என்று மகன் நிஸாம் சொன்னான்.

“மச்சான், ஒரு நிம்மதி என்ன தெரியுமா?” என்றான் ஜவ்பர். “எங்கட ஜனாஸாவுல மைக் இல்ல. பேச்சும் இல்ல. உன்ட கையில மாட்டாமத் தப்பிட்டன்.”

நான் சிரித்தேன். அவனும் சிரிக்கப் பார்த்து இருமினான். இருமி முடித்து என் விரலைப் பிடித்தான்.

“அண்டைக்காவது நேரத்துக்கு வா. முகத்தப் பாத்துட்டுப் போ.”

“வருவன்டா.”

“நீ வரமாட்டாய். நீ பிந்துவாய்.”

“சத்தியமா வருவன்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கேட்டது அவ்வளவுதான். இத்தனை வருட உத்தியோகத்தில் அவன் என்னிடம் கேட்ட ஒரேயொரு உதவி.

அந்தக் காலை

நிஸாமின் அழைப்பு காலைத் தேநீர் நேரத்தில் வந்தது. “அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க. லுஹர் தொழுகையோட அடக்கம்.”

மத்தியானத்துக்கு எவ்வளவோ நேரம் கிடந்தது. பாலையூற்றில் இருந்து கிண்ணியா என்ன வெளிநாடா? முஸ்லிம் வீட்டில் பிரேதத்தை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததும் அல்ல. உத்தியோகத்தில் எத்தனை ஜனாஸாவுக்குப் போய்ப் பின்னால் நடந்திருக்கிறேன்.

ஆனால் யாராவது செத்தால் என் கை பேனையைத் தேடும். பழக்கம். மைக் இல்லாவிட்டால் என்ன, குழியடியில் நின்று நாலு வரி சொல்லலாம். வாழ்நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களுக்காகக் கலங்கினவன், இவனுக்குச் சொல்லாமல் விடுவதா? மேசையில் இருந்தேன். எழுதினேன். வெட்டினேன். திரும்ப எழுதினேன்.

மனுசி வந்து எட்டிப் பார்த்தா. “என்ன எழுதுறீங்கள்? சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கோ.”

“பத்து நிமிசம்.”

இரண்டாம் தரமும் வந்தா. “அந்த மனுசன் உங்களை வரத்தான் சொன்னவர். எழுதச் சொன்னவரோ?”

“முடிஞ்சுது, முடிஞ்சுது.”

மூன்றாம் தரம் அவ ஓட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டா.

சீனக்குடாவில் பையைத் தடவினேன். பேச்சு இருந்தது. கண்ணாடி இல்லை. மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஈர மணல்

அடக்கம் செய்கிற மையவாடிப் பக்கம் ஓட்டோ திரும்பியபோது எதிரே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தொப்பி போட்டவர்கள், காலெல்லாம் மணல். தெருக்குழாயடியில் சிலர் கை கழுவினார்கள். ஒருவர் என்னை அடையாளம் கண்டு, “வாங்க சேர்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது.

நிஸாம் ஓடி வந்து கையைப் பிடித்தான். “அங்கிள், உங்களுக்காகக் கபன் துணியைக் கட்டாம முகத்தத் திறந்து வெச்சிருந்தம். ஃபோன் அடிச்சம், நீங்க எடுக்கல்ல. பள்ளி ஹஸரத், தொழுகைக்கு நேரமாகுது எண்டார். அதுக்கு மேல வைக்க ஏலாமப் போச்சு.”

தொலைபேசி வீட்டு மேசையில் கிடந்தது. கண்ணாடிக்குத் திரும்பிப் போனவன் அதற்குப் பக்கத்தில் கிடந்த தொலைபேசியை எடுக்கவில்லை.

குழியை மூடி மணலை மேடாக்கி, மேலே தண்ணீர் தெளித்திருந்தார்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பலகை நட்டிருந்தது. ஒரு பச்சைக் கொப்பு குத்தியிருந்தது. நிஸாம் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றான். கடல்பக்கக் காற்றில் பூவரசம் இலைகள் சரசரத்தன.

பேச்சை எடுத்தேன். கண்ணாடியைப் போட்டேன். “எம்மையெல்லாம் மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு” என்று முதல் வரி தொடங்கியது. அந்த நாலு பிள்ளைத் தோட்டக்காரருக்கும் நான் சொன்ன வரி. ஒரு காலை முழுக்க வெட்டி வெட்டி எழுதி, கடைசியில் அதைத்தான் எழுதியிருக்கிறேன். அவனுக்கு என்று நான் வைத்திருந்த சொல் ஒன்றும் அந்தத் தாளில் இல்லை.

பழக்கத்தில் நிமிர்ந்து பின்வரிசையைப் பார்த்தேன். மதிலோரம் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

தாளை மடித்துப் பையில் வைத்தேன். குனிந்து ஒரு பிடி மணல் அள்ளி மேட்டில் போட்டேன். மற்றவர்களெல்லாம் போட்டு முடித்த பிறகு. ஈரமாக இருந்தது, உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. கழுவ மனம் வரவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம்

வீட்டில் மண்டபம் நிறைய ஆண்கள். ரமீசா உள்ளே. கணவன் இறந்தால் இத்தா இருக்க வேண்டும், வேற்று ஆண்கள் முன்னால் வர மாட்டார்கள். அறை வாசலில் பச்சைத் திரை. நிஸாம் என்னைத் திரைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருத்தினான்.

“உம்மா, அங்கிள் வந்திருக்கார்.”

உள்ளே ஆள் அசைகிற சத்தம், வளையல் சத்தம் இல்லை. பிறகு குரல். “வந்தீங்களா அண்ணன்?”

“பிந்திட்டன் தங்கச்சி.”

மாவட்டம் முழுக்க ஒலிவாங்கி பிடித்தவன், ஒரு திரைத்துணியைப் பார்த்துக் காரணம் சொல்லத் தொடங்கினேன். தொடங்கியது நிற்கவில்லை. கண்ணாடியை மறந்ததைச் சொன்னேன், சீனக்குடாவைச் சொன்னேன், தொலைபேசியைச் சொன்னேன், சத்தியம் பண்ணினதைச் சொன்னேன். எல்லாரும் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டே போனேன். ஒருவர் கையும் உயரவில்லை.

கடைசியில் கேட்டேன். “அவன் என்னைப் பற்றி ஏதும் சொன்னவனோ, தங்கச்சி?”

திரை கொஞ்சம் விலகியது. ஒரு கை மட்டும் வந்து, இன்னொரு கோப்பை கவிழ்த்து மூடிய ஒரு சோற்றுக் கோப்பையைத் தரையில் என் காலடியில் வைத்தது.

“கதைக்க விடாம முதல்ல சோத்தக் குடு எண்டு சொன்னவர்.”